அடியில் தட்டு வைத்த மெமரி கார்டு

அனுப்புநர்:
ரெ. ஆனந்தவள்ளி,
க/பெ. ரெங்கராஜ்,
புகைப்படக் கலைஞர்,
எடமலைப்பட்டி புதூர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
முத்திரை ஆய்வாளர் அவர்கள்,
சட்டமுறை எடையளவுப் பிரிவு,
தொழிலாளர் துறை,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: கேமரா மெமரி கார்டு – மேலே 128 ஜிபி என அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் இருந்தது – அளவுக் குறைவாகக் கருதி நடவடிக்கை எடுக்கவும், உண்மை நிலையை ஒரு வரியில் சான்றளிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் கடைத் தராசுக்கு முத்திரையிட வந்தபோது தாங்கள் வாய்மொழியாக அளித்த அறிவுரை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எடமலைப்பட்டி புதூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ரெங்கராஜ் அவர்களின் மனைவி நான். தங்களுக்கு என் முகம் நினைவிருக்காது. ஆனால் சென்ற மாதம் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சார், இதுக்கும் ஒரு முத்திரை போடக் கூடாதா?" என்று ஒரு மெமரி கார்டை நீட்டியவளை நினைவிருக்கலாம். தாங்கள் சிரித்துவிட்டு, "எழுதிக் குடுங்கம்மா, பாக்கறேன்" என்றீர்கள். என் கணவர், "சார் சும்மா பேச்சுக்குச் சொன்னாரு, நீ பாட்டுக்கு எழுதிட்டு உக்காராத" என்று தடுத்தார். அதிகாரி ஒருவர் சொன்னதைச் சும்மா சொன்னதாக எடுத்துக்கொள்வது மரியாதையில்லை என்று கருதி, நான் எழுதுகிறேன்.

1. நான் காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு போன்ற வீட்டு விசேஷங்களுக்குப் படம் எடுப்பவள். பெண்கள் கூடும் இடத்தில் பெண் ஒருத்தி கேமராவோடு நின்றால் யாரும் முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருப்பதில்லை. அதனால் படங்கள் நன்றாக வரும். என் பெயர் மணிகண்டம் தாண்டி மணப்பாறை வரைக்கும் பரவியிருக்கிறது என்பதைத் தற்பெருமையாக அல்லாமல் தகவலாகத் தெரிவிக்கிறேன்.

2. மெமரி கார்டு என்பது கேமராவுக்குள் செருகும், தீப்பெட்டியில் பாதி அளவுள்ள சில்லு. எடுக்கும் படமெல்லாம் அதில்தான் போய் உட்காரும். என் பழைய கார்டு நிறைந்து நிறைந்து அலுத்துப்போனதால், டவுனில் ஒரு செல்போன் உதிரிபாகக் கடையில் 128 ஜிபி என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட கார்டு ஒன்றை வாங்கினேன். விசாரணை நடக்கும் முன் ஒருவர் பெயரைக் கெடுப்பது முறையல்ல என்பதால், கடையின் பெயரைத் தனித்தாளில் எழுதி மூடிய உறையில் இணைத்துள்ளேன். விலை குறைவாக இருக்கிறதே என்று கேட்டேன். "ஒரிஜினல்க்கா, கம்பெனி பீஸு. கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கியிருக்கிறேன். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிற குடும்பத்தில் பிறந்தவள், கார்டு வாங்கப் போய் அட்டையைப் பார்த்து ஏமாந்தேன். வீட்டுக்கு வந்து பத்துப் படம் எடுத்துப் பார்த்தேன். பத்தும் பளிச்சென்று இருந்தன. அத்தோடு சோதனையை முடித்துக்கொண்டேன்.

3. அந்தக் கார்டைப் போட்டுக்கொண்டு முதன்முதலாகப் போன விசேஷம், மருங்காபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில் மூக்கன் – வேலம்மாள் தம்பதியின் குழந்தை யாழினிக்கு, ஆவணி முதல் வெள்ளியன்று குலதெய்வக் கோயிலில் நடந்த மொட்டையும் காதுகுத்தும். இந்தக் குடும்பத்தின் நிலவரத்தைத் தங்களுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு சில்லுக்காகவா இவ்வளவு நீளம் என்று தோன்றும்.

வேலம்மாளுக்கு ஒரே அண்ணன், சின்னையன். மருங்காபுரியில் கடலை மண்டி வைத்திருக்கிறார். வேலம்மாளின் கல்யாணப் பத்திரிகையில் இவருடைய பெயர், சித்தப்பா மகன் ஆண்டியின் பெயருக்குக் கீழே அச்சாகிவிட்டது. அச்சகத்துக்குப் போனில் பெயர்களை ஒப்பித்தவர் வேலம்மாள். ஆண்டி சில மாதம் மூத்தவர் என்பதால் முதலில் சொல்லிவிட்டார். கூடப் பிறந்தவன் இரண்டாவது, சித்தப்பா மகன் முதலாவதா என்று சின்னையன் கல்யாணப் பந்தலிலிருந்து சாப்பிடாமல் போனவர்தான். வளைகாப்புக்கு வரவில்லை. பிள்ளை பிறந்ததற்கும் வரவில்லை. ஆனால் காது குத்த வேண்டுமென்றால் தாய்மாமன் மடி வேண்டுமே! வேலம்மாள் தானே மண்டிக்குப் போய் வாசலில் நின்று, "அண்ணே, உன் மடி இல்லாம எம்புள்ளைக்கு நான் காது குத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திரும்பி வந்துவிட்டார். சின்னையன் வருவாரா மாட்டாரா என்பதுதான் அன்றைக்குக் கோயிலில் எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு.

4. அவர் வந்தார் ஐயா. பொங்கல் பானை இறக்கும் நேரத்தில் சீர்த்தட்டுகளோடு, வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து நின்றார். குழந்தையை மடியில் வைத்தார், மொட்டை போட்டார்கள், ஆசாரி காது குத்தினார், யாழினி வீல் என்று கத்தினாள். அண்ணனும் தங்கையும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை என்றாலும் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஒன்றுவிடாமல் எடுத்தேன். ஒவ்வொரு படமும் எடுத்தவுடன் கேமராத் திரையில் வந்து தலைகாட்டியது. திரையில் தெரிவது வேறு, கார்டில் பதிவது வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால், காலையில் எடுத்ததெல்லாம் இருக்கிறது. சின்னையன் வந்ததற்குப் பிறகு எடுத்த படங்களுக்கு எண் மட்டும் வரிசையாக இருக்கிறது. திறந்தால் வெறும் சாம்பல் நிறம். 128 இருக்கிறதே என்ற தைரியத்தில் பொங்கல் பொங்குவதையும், அடுப்புக்கு விறகு தள்ளுவதையும், ஆண்டி வெங்காயம் உரிப்பதையும் கணக்கில்லாமல் எடுத்துத் தள்ளியிருந்தேன். இருந்த கொஞ்ச இடமும் அதிலேயே போய்விட்டது.

5. விஷயம் சின்னையன் காதுக்குப் போனது. அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதைத் தாங்கள் ஊகிக்கலாம். "ஆண்டி வெங்காயம் உரிச்சது இருக்கு. நான் புள்ளைய மடியில வச்சது மட்டும் இல்லையா? பத்திரிகையில கீழ தள்ளுனாங்க, இப்ப படத்துல இருந்தே தூக்கிட்டாங்க" என்று மண்டியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். வேலம்மாள் எனக்குப் போன் செய்து, "அக்கா, நீங்க எப்படியாச்சும் எடுத்துக் குடுத்துருங்கக்கா" என்று அழுதார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூன்று வருடமாகப் பேசாத அண்ணனை ஒரு தங்கை கெஞ்சிக் கூட்டிவந்தார். என் கையில் இருந்த ஒரு பொய்க் கார்டு அவரைத் திரும்ப அனுப்பிவிட்டது.

6. ஸ்ரீரங்கத்தில் தேசிக் என்று ஒருவர் இருக்கிறார். உற்சவங்களில் பெருமாள் புறப்பாட்டைப் படம் எடுப்பவர். எனக்குத் தொழில்முறையில் பழக்கம். அவரிடம் கார்டைக் கொண்டுபோனேன். அவர் கணினியில் ஒரு சோதனையை ஓடவிட்டு, கார்டுக்குள் உண்மையில் இருப்பது எட்டு ஜிபி இடம்தான் என்றும், கேமராவிடமும் கணினியிடமும் நூற்றிருபத்தெட்டு என்று சொல்லும்படி அதைத் திருத்தி வைத்திருக்கிறார்கள் என்றும் காட்டினார். எட்டு நிறைந்த பிறகு வருவதையெல்லாம் வாங்குவதுபோல் வாங்கித் தொலைத்துவிடுமாம். மீட்க முடிந்ததை மீட்டுத் தந்தார். கடைசியாகக் கிடைத்தது பாதிப் படம் ஒன்று. மேல்பாதி தெரிகிறது, கீழ்ப்பாதி சாம்பல்.

"புதுக் கார்டு வாங்கினா முதல்ல அதை முழுக்க ரொப்பிப் பாக்கணும்மா. ரொப்பிட்டு, கடைசியா எடுத்த படம் திறக்கறதான்னு பாக்கணும். நான் எங்காத்து மதில் சுவரைத்தான் எடுத்து ரொப்புவேன்" என்றார் தேசிக். பிறகு, "பெருமாள் உள்ளே எழுந்தருளினப்புறம், படம் விழலை, ஸ்வாமி இன்னொரு தடவை புறப்படணும்னு விண்ணப்பம் பண்ண முடியுமோ? உனக்கென்ன, தாய்மாமன்தானே. திரும்பக் கூப்பிடு" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாலும் எனக்கு அதில் ஒரு வழி தெரிந்தது.

7. மறுநாளே என் கணவரின் வண்டியில் மருங்காபுரிக்குப் போனேன். சின்னையன் தண்ணீர் கொடுத்தார்; முகம் கொடுக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து சாம்பல் படங்களைக் காட்டினேன். "கம்ப்யூட்டர்ல என்ன வேணும்னாலும் காட்டலாங்க" என்றார். சரி, இவரிடம் பேசிப் புண்ணியமில்லை என்று, அதே கார்டைக் கேமராவில் போட்டு வீடியோவை ஓடவிட்டு நிரப்பினேன். பிறகு கேமராவை அவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே எடுங்கண்ணே, யாரை வேணும்னாலும் எடுங்க" என்றேன். கடலை மூட்டையை எடுத்தார், மூட்டை தூக்குபவரை எடுத்தார், என் கணவரைத் தலை வெட்டுப்பட எடுத்தார். எடுக்க எடுக்க அவருக்கே கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது. கணினியில் போட்டேன். அவர் எடுத்தது அத்தனையும் சாம்பல்.

சின்னையன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். திடீரென்று தொடையைத் தட்டிக்கொண்டு, "அட! இது அடியில தட்டு வச்ச படியில்ல!" என்றார். மேலே பார்த்தால் முழுப் படி. உள்ளே பாதியில் ஒரு தட்டு வைத்து ஒட்டியிருக்கும். அளந்து போட்டால் கடலை குறையும். சின்ன வயதில் சந்தையில் அப்படி ஒருவரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாராம். நான் ஜிபி என்றும் சில்லு என்றும் தொண்டை வற்றச் சொன்னது அவருக்கு ஏறவில்லை. படி என்றதும் ஏறிவிட்டது. "ஊரை ஏமாத்துறதுக்குன்னே பொறந்திருக்கானுங்க" என்று கடைக்காரரைத் திட்டத் தொடங்கினார். அவர் வேறு ஒருவரைத் திட்டுவதைக் கேட்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை எழுத்தில் சொல்ல இயலவில்லை.

அப்போதுதான் அந்தப் பாதிப் படத்தைக் காட்டினேன். அதில் வேலம்மாளின் முகம் மட்டும் இருக்கிறது. மேடான திட்டில் நின்று கீழே கோயில் வாசல் பக்கம் பார்த்து, அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்த முகம். "இது எப்ப எடுத்தது?" என்று கேட்டார். நீங்கள் வாசலில் வந்து நின்றபோது என்றேன். அவர் எழுந்து மண்டிக்குப் பின்பக்கம் போய்விட்டார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தது. "வர்ற வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

8. ஆவணி முடிவதற்குள் அதே கோயிலில் இரண்டாம் முறை காதுகுத்து நடந்தது. அதாவது, நடந்ததுபோல் நடந்தது. ஊசி காதில் படவில்லை. ஆனால் ஆசாரியின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் யாழினி முன்னதைவிட இரண்டு மடங்கு கத்தினாள். "நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே தாயி!" என்று ஆசாரி கையை விரிக்க, சின்னையன் சிரித்த சிரிப்பில் குழந்தை மடியிலிருந்து நழுவப் பார்த்தது. வேலம்மாள் தாவி வந்து பிடித்துக்கொண்டு, "பிள்ளையைப் பிடிக்கத் தெரியாதாண்ணே உனக்கு!" என்று அதட்டினார். அண்ணனை அவர் உரிமையோடு அதட்டி மூன்று வருடமாகியிருந்தது. அந்தக் கணத்தை எடுத்திருக்கிறேன். இம்முறை முழுக்க நிரப்பிச் சோதித்த கார்டு. ஆண்டியும் வந்திருந்தார்; தானாகவே ஓரமாக நின்றுகொண்டார். சின்னையன்தான் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

முதல் தடவை எடுத்த படங்கள் கிடைத்திருந்தால் அதில் எல்லோரும் கோர்ட்டில் நிற்பவர்களைப் போல விறைப்பாகத்தான் இருந்திருப்பார்கள். ஆகவே கடைக்காரர் மீது எனக்கு இருக்க வேண்டிய கோபத்தில் பாதிதான் இப்போது இருக்கிறது என்பதை ஒளிக்காமல் தெரிவிக்கிறேன். கொடுத்த விலையையும் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் அடுத்தவருக்கும் இப்படி நல்லபடியாக முடியும் என்று என்ன உத்தரவாதம்? மறைந்த ஒருவரின் கடைசிப் படம் அந்தக் கார்டில் இருந்தால் அவரைத் திரும்ப அழைத்துவர முடியுமா? அதை நினைத்தால் மீதிப் பாதிக் கோபமும் வந்துவிடுகிறது.

9. இது தங்கள் துறையின் கீழ் வருமா என்ற கேள்வி எழலாம். என் கணவரும் அதையேதான் கேட்டார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எங்கள் கடையில் பருப்புப் பொட்டலத்தின் மேல் அரைக் கிலோ என்று அச்சிட்டு உள்ளே சற்றுக் குறைந்தாலும் தாங்கள் விட்டுவிடுவதில்லை, விடவும் கூடாது. அந்த நியாயம்தான் இதற்கும். பொட்டலத்தின் மேல் ஓர் எண், உள்ளே வேறொன்று. கிலோவா லிட்டரா ஜிபியா என்பது பிறகு. பருப்புக் குறைந்தால் சாம்பார் நீர்க்கும், அவ்வளவுதான். இங்கே ஒரு மாமன் மடி குறைந்துபோனது.

10. எல்லாம் சுபமாக முடிந்த பிறகு இந்த மனு எதற்கு என்று தாங்கள் நினைக்கக்கூடும். ஒரே ஒரு சிக்கல் பாக்கியிருக்கிறது. இரண்டாம் முறை எடுத்த படத்தைப் பெரிதாகப் போட்டு, சின்னையன் மண்டியில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் சும்மா இருக்கிறார்களா? படத்தில் குழந்தையின் மொட்டைத் தலையில் முடி முளைத்திருக்கிறது. காதில் கம்மல் ஏற்கனவே இருக்கிறது. புண் ஆறாததால் கழற்ற முடியவில்லை. "என்னங்க, காது குத்தி முடிச்சப்புறம் வந்தீங்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "கோவத்துல இருந்தவரை அப்புறமா சமாதானப்படுத்தி உக்கார வச்சு எடுத்திருப்பாங்க" என்று இன்னொருவர். சின்னையன் படி, தட்டு, கார்டு என்று விளக்கிச் சொன்னால், சொல்லச் சொல்லச் சந்தேகம் கூடுகிறதாம். அவர் என்னிடம் சொன்னது: "நான் கோவக்காரன்தாங்க, ஒத்துக்கிறேன். ஆனா தங்கச்சி வாசல்ல வந்து கூப்பிட்டப்புறம் லேட்டாப் போனவன்னு பேரு வேணாம்."

எனவே பின்வரும் மூன்றையும் செய்துதருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்:

அ) இத்துடன் இணைத்துள்ள கார்டைச் சோதித்து, விற்ற கடையிலும் அதற்குச் சரக்குக் கொடுத்த இடத்திலும் விசாரித்து நடவடிக்கை எடுக்க வேண்டும்.

ஆ) புதிதாகக் கார்டு வாங்குவோர் அதை ஒருமுறை முழுவதும் நிரப்பி, கடைசிப் படம் திறக்கிறதா என்று பார்த்த பிறகே விசேஷத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்றும், முக்கியமான விசேஷமென்றால் ஒன்றுக்கு இரண்டு கார்டில் பதிய வேண்டும் என்றும் தங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். வாசகம் தேவையென்றால் நானே எழுதித் தருகிறேன்.

இ) இந்தக் கார்டில் அச்சிட்ட அளவு இல்லை என்று அலுவலக முத்திரையுடன் ஒரு வரி சான்று தர வேண்டும். முதல் இரண்டுக்கும் அவசரமில்லை. கோப்பு அதன் வழக்கமான வேகத்தில் நகரட்டும். மூன்றாவது மட்டும் சற்று அவசரம். படத்துக்குக் கீழே அதை ஒட்ட சின்னையன் படச்சட்டத்தில் இப்போதே இடம் விட்டு வைத்திருக்கிறார்.

அப்படி ஒரு சான்று கொடுக்க விதியில் இடமில்லை என்றால் தாங்கள் சங்கடப்பட வேண்டாம். மருங்காபுரிச் சந்தைக்கு ஆய்வுக்கு வரும் நாளில், கூட்டமாக இருக்கும் நேரம் பார்த்து அந்தக் கடலை மண்டி வாசலில் ஒரு நிமிடம் நின்று, நாலு பேர் காதில் விழும்படி, "சின்னையன், நீங்க அன்னிக்கே வந்துட்டீங்க, கார்டுதான் சொல்லலை" என்று சொல்லிவிட்டுப் போனாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரெ. ஆனந்தவள்ளி

இடம்: எடமலைப்பட்டி புதூர், திருச்சிராப்பள்ளி
நாள்: 17.11.2025

இணைப்பு:
1. மேற்படி மெமரி கார்டு.
2. கடையின் பெயர், முகவரி (மூடிய உறையில்).
3. முதல் நாள் எடுத்த பாதிப் படத்தின் நகல். சாம்பல் பகுதியில் நிற்பவர் சின்னையன்.